பெயரை மறைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் தருமபுரி பதிப்பில் ‘பைக் திருடிய பலே சிறுவன் சிக்கினான்’ என்ற செய்தியைப் படித்தேன். பெயர் இல்லை, சரி. ஆனால் ஊர், படிக்கும் வகுப்பு, அப்பா தக்காளி மண்டியில் சுமை தூக்குபவர் என்பது வரை இருந்தது. சின்ன ஊரில் இதற்கு மேல் பெயர் எதற்கு? இளைஞர் நீதி சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு பெயரோடு முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பெரிய மனிதர்கள் மீதான வழக்கென்றால் ‘கூறப்படுகிறது’ என்று எழுதும் கை, சிறுவன் என்றதும் விசாரணைக்கு முன்பே ‘பலே’ போட்டுவிடுகிறது.

பாலக்கோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படிச் செய்தியில் வந்து, பிறகு சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் விடுவித்த பையன் ஒருவன் பதினெட்டு வயதானதும் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தான். கார்புரேட்டர் வேலையில் கெட்டிக்காரன். ஆனாலும் சிலர் வண்டிச் சாவியை அவன் கையில் தர மாட்டார்கள். தாண்டி வந்து என்னிடம் நீட்டுவார்கள். ஒருவர் செல்போனில் பழைய செய்தியையே எடுத்துக் காட்டினார்.

‘மாவட்டத்தைச் சேர்ந்த சிறுவன்’ என்பதோடு செய்தியை நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கள் இணையதளத்தில் கிடக்கும் பழைய செய்திகளிலிருந்தும் ஊர், பள்ளி, பெற்றோர் விவரங்களை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், பாலக்கோடு