எடைமேடை அக்கா எழுதிய வரி

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே மத்தியானம் வரை வெயில், நாலு மணிக்கு மேல் மழை. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. நாம் படித்த காலத்தில் பால்மரம் நின்ற மேடு முழுக்க இப்போது செம்பனை. நம் லயம் இருந்த இடத்தில் உங்கள் வீட்டு முருங்கை மட்டும் இன்னும் நிற்கிறது.

தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு நீ எழுதும் புத்தக இரவல் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். புதுப் பதிப்பை ஏற்றும்போது கான்ஃபிக் கோப்பையும், அதாவது பயனர் மாற்றிக்கொள்ளும் அமைப்புகள் இருக்கும் கோப்பையும், புதிதாகப் போட்டுவிடலாமா என்று. போடவே போடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

செம்பனைக் குலை வாங்கும் ஒரு கடைக்கு எடை போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா? லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி, லாரி எடைமேடையிலிருந்து ஒரு சீரியல் கேபிள், சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், அவ்வளவுதான். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் புதுப் பதிப்பை ஏற்றினேன். நிறுவியதும் ஓடும் ஸ்கிரிப்டில், என் மாதிரிக் கோப்பை, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள், பழையதன் மேலேயே நகலெடுக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே 2400 என்று இருந்த கேபிள் வேகம் 9600 ஆகிவிட்டது. திரையில் எடைக்குப் பதில் கோணல்மாணலான எழுத்துகள். வெளியே மூன்று லாரிகள் காத்து நின்றன.

தொலைபேசியிலேயே வேகத்தைச் சரிசெய்துவிட்டேன். எடையில் கழிக்கும் கழிவு சதவீதம் நினைவுக்கு வரவில்லை. கடையில் 3 என்று வைத்திருந்தார்கள், என் மாதிரியில் 5. நாலு டன் குலை கொண்டுவந்தவருக்கு 80 கிலோ குறைந்துபோனது. சாயங்காலம் ஒரு சிறுதோட்டக்காரர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் எல்லாருக்கும் மீதியைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெரியவர் சீட்டை நீட்டிய விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் போயிற்று. எடை போடும் அக்கா அந்தக் கோப்பைத் தானே திறந்து, கழிவு வரிக்குப் பக்கத்தில் 'மழை பெய்தால் முதலாளியைக் கேட்டு மாற்றவும்' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். எண்களைப் பழைய சீட்டுகளிலிருந்து மீட்டேன். அந்த வரியை எங்கிருந்து மீட்பது? அவர் கைப்பட எழுதியது அவருடையது. புதுப் பதிப்புக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

அப்புறம்தான் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் விதிகளை நிதானமாகப் படித்தேன். ஒரு கோப்பை 'கான்ஃபைல்' என்று அறிவித்துவிட்டால், தான் முன்பு கொடுத்த பிரதியின் எம்டி5 கணக்கை, கோப்பின் கைரேகை மாதிரி, அதன் நிறுவும் கருவியான டிபிகேஜி குறித்து வைத்துக்கொள்கிறது. புதுப் பதிப்பு வரும்போது முன்பு கொடுத்தது, இப்போது இருப்பது, புதிதாக வந்தது என்று மூன்றையும் ஒப்பிடும். பயனர் தொடாத கோப்பு என்றால் சத்தமில்லாமல் மாற்றும். பயனர் மட்டும் மாற்றியிருந்தால் கை வைக்காது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் பழையதே நிற்கும், புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வால் ஒட்டிப் பக்கத்தில் உட்காரும். பயனர் அந்தக் கோப்பை அழித்திருந்தால்கூட, அதுவும் அவர் முடிவு என்று விட்டுவிடும். இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. வேறு சில லினக்ஸ் வகைகளின் நிறுவும் கருவியான ஆர்பிஎம்மில் 'நோரிப்ளேஸ்' என்று குறித்தால் ஏறக்குறைய இதே மரியாதை கிடைக்கும்.

சரி, கான்ஃபைல் ஆக்கினேன். அப்படியும் ஒரு தப்பு. என் ஸ்கிரிப்ட் அதே கோப்பில் கேபிள் செருகும் போர்ட்டின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது. அக்கா மாற்றியதாக நினைத்து, அடுத்த பதிப்பில் டிபிகேஜி அவரைக் கேள்வி கேட்டது. தான் செய்யாத மாற்றத்துக்கு அவர் என்ன பதில் சொல்வார்? பயந்துபோய் எனக்குப் போன் போட்டார். கான்ஃபைலை ஸ்கிரிப்ட் தொடக்கூடாது என்று டெபியன் விதியிலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது என் மாதிரி மதிப்புகள், புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவில் என் பொறுப்பில் இருக்கின்றன. கடைக்காரர்கள் மாற்ற விரும்புவது மட்டும் ஈடிசியில் ஒரு தனிக் கோப்பில். புரோகிராம் முதலில் என்னுடையதைப் படிக்கும், பிறகு அவர்களுடையதை அதன் மேல் வைக்கும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியும் இப்படித்தான் செய்கிறது. அந்தத் தனிக் கோப்பை என் நிறுவும் பொதி கொண்டுபோவதே இல்லை, அதனால் மோதலும் இல்லை.

உன்னுடையது விண்டோஸ். 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவில் அமைப்புக் கோப்பை வைக்காதே, 'புரோகிராம்டேட்டா' அடைவில் வை. நிறுவி தயாரிக்கும் கருவியான இன்னோ செட்டப்பில், கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாதே என்று சொல்ல ஒரு குறி உண்டு. கழற்றும்போது விட்டுவை என்பதற்கும் உண்டு. இரண்டையும் போடு. அமைப்பின் பெயர் ஒன்றை மாற்றினால், பழைய பெயரையும் சில பதிப்புகளுக்குப் படிக்க வை. இரவல் நாட்களைத் தலைமையாசிரியர் 14 என்று வைத்திருந்தால், பத்துப் பதிப்பு கழித்தும் அது 14 ஆகவே இருக்கட்டும்.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் தம்பி என்று தானே தட்டச்சு செய்தார்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? மடிக்கணினியைக் கொண்டு வா. பழைய பதிப்பை ஏற்றி, அமைப்பில் நாலு வரியை மாற்றி, அதன் மேல் புதியதைப் போட்டுப் பார்ப்போம். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்