டல்லஸ் என்ற பெயர்

ஐயா,

மகளைப் பார்க்க வாஷிங்டன் போனேன். இறங்கிய விமான நிலையத்தின் பெயர் டல்லஸ். டெக்சாஸில் இருக்கும் டாலஸ் நகரம் வேறு. இது அமெரிக்க அதிபர் ஐசனோவர் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பெயர். அவருடைய தம்பி ஆலன், அண்ணன் அமைச்சரான அதே 1953-இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் தலைவரானார். வெளிப்படையான ராஜதந்திரம் அண்ணன் கையில், ரகசிய வேலை தம்பி கையில். கேள்வி கேட்க யார் இருந்திருப்பார்கள்?

அந்த ஆண்டே ஈரானில் பிரதமர் மொசாதெக் ஆட்சி சி.ஐ.ஏ.வின் கைவரிசையால் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு அதே பாணியில் குவாதமாலாவில் அதிபர் அர்பென்ஸ். தேர்தலில் வென்று வந்தவர் அவர். 1956-இல் அமெரிக்கா, சோவியத் என எந்தப் பக்கமும் அணி சேராமல் இருப்பதையே ஒழுக்கக்கேடு என்கிற அளவுக்கு அண்ணன் பேசினார். நேருவின் இந்தியாவுக்கு அது வலிக்காமலா இருந்திருக்கும்? 1961-இல் கியூபாவில் சி.ஐ.ஏ. நடத்திய பிக்ஸ் வளைகுடா படையெடுப்பின் தோல்விக்குப் பிறகுதான் தம்பி பதவி இழந்தார்.

பள்ளியில் பனிப்போர் பாடம் நடத்தும்போது இந்த அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி