தலைப்பிலேயே ‘சுண்டெலி’ என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ‘நீர் மாத்திரை’ வலியையும் போக்கும் என்கிற மாதிரிச் செய்தி போடும்போது, அது சுண்டெலியில் செய்து பார்த்த சோதனை என்பதைத் தயவுசெய்து தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாலக்கோட்டில் மருந்துக் கடையில் நிற்கிறவன் என்பதால் கேட்கிறேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் இருக்கும் புளோரைடு எத்தனை பேருடைய முட்டியையும் முதுகையும் கெடுத்து வைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய விஷயம்தான், ஆனாலும் அதற்கு முன்பே வருஷக்கணக்கில் அந்தப் போர் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வந்த எலும்பு வலி லேசில் போவதில்லை. வலி குறையும் என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கி விழுங்கிவிடுவார்கள், பாவம்.

சோதனையைக் குறை சொல்லவில்லை. பியூரோசிமைடு, பியூமெட்டனைடு போன்ற நீர் மாத்திரைகள் சிறுநீரகம் உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கும் வழியை அடைத்து நீரை வெளியேற்றுகின்றன, கிட்டத்தட்ட அதே மாதிரி வழி வலியைக் கடத்தும் நரம்புகளிலும் இருக்கிறது, அதையும் அடைத்தால் வலி குறையுமா என்பது நியாயமான கேள்வி. எப்படிப் பார்க்கிறார்கள்? சுண்டெலியின் வயிற்றில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஊசியால் ஏற்றி, அது வலியில் எத்தனை தடவை உடம்பை முறுக்குகிறது என்று எண்ணுவது ஒரு முறை. மருந்து கொடுத்த எலி குறைவாக முறுக்கினால் வலி குறைந்தது என்று கணக்கு. ஆனால் நீர் வற்றிச் சோர்ந்துபோன எலியும் குறைவாகத்தான் முறுக்கும், அதனால்தான் சுழலும் உருளையில் ஏற்றிவிட்டு அது தடுமாறாமல் நிற்கிறதா என்றும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் செய்தியில் ஒரு வரிகூட வருவதில்லை.

அப்புறம், எனக்குப் பயமே இதுதான். டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையும் சில வகை பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் நீர் மாத்திரையையும் தானாகச் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் திடீரென்று அடிபடலாம், ரத்தத்தில் பொட்டாசியம் அளவு இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், அதிலும் வெயிலில் மாந்தோப்பில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் வீக்கத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து இதே கொடுங்கள் என்கிறார்கள், மறுத்தால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரக டாக்டர் ஒருவரை இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லி ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் அதை நிறுத்திவிடக் கூடாது, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.