பிஸ்டல் சிக்குதுன்னா உடனே அரத்தை எடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், முடிஞ்சதும் வாங்கிக்கணும், வச்சிருக்கறவங்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனா திரும்பி வந்தப்புறம் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒரு கூத்து நடக்குது. மாசக்கணக்குல பூட்டிக் கிடந்த பிஸ்டலை எடுத்து, முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை உள்ள ஏத்தற மேல் பாகமான ஸ்லைடை இழுப்பாங்க, அது சரியா மூடாது, இல்லன்னா தோட்டா குறுக்கால நிக்கும், உடனே பீஸே மட்டம்னு முடிவு கட்டிட்டு தெரிஞ்ச லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்க. அவரும் பாவம், நல்ல மனசோட அரத்தை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துடறார்.

நான் ராணுவத்துல ஆர்மரரா, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பாக்கறவனா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால என்கிட்டயும் கொண்டு வர்றாங்க. நான் கை வைக்கறதில்லைங்க. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிய ரிப்பேர் பண்ணவே தனி லைசென்ஸ் வேணும், பட்டறைக்காரருக்கும் அது கிடையாது எனக்கும் கிடையாது. என்ன கோளாறுன்னு கேள்வி கேட்டுக் கண்டுபிடிச்சுச் சொல்லி, லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட போகச் சொல்லுவேன், அவ்வளவுதான். பாதி பேருக்கு டீலர்கிட்ட போற வேலையே இருக்காது, ஏன்னா கோளாறு பிஸ்டல்லயே இல்ல.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 9 எம்எம் கிடையாது, அது தடை செஞ்ச ரகம், அதனால பெரும்பாலும் 32 போர் தான் (போர்னா குழாயோட உள் அளவு). ஜான் பிரவுனிங் 1899ல போட்ட தோட்டா அது. அதோட அடி விளிம்பு கொஞ்சம் வெளிய துருத்திட்டு இருக்கும். மேகசின்ல, அதாவது தோட்டா அடுக்கற பெட்டியில, ரவுண்டு (தோட்டா) ஏத்தும்போது மேல இருக்கற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்குப் பின்னாடி போயிட்டா ரெண்டும் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கும், ஸ்லைடு என்ன தள்ளினாலும் மேல ஏறாது. குட்டையான தோட்டா போட்டா மேகசினுக்குள்ள முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கறதால இது இன்னும் ஜாஸ்தி. இதுக்குப் போய் பேரல் (குழாய்) வாயைத் தேய்ச்சா எப்படிங்க சரியாகும்?

அதனால நான் முதல்ல கேக்கறது, எந்த மேகசின்ல சிக்குச்சுன்னு தான். யாருக்கும் தெரியாது. மார்க்கர் பேனாவால ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக்குங்க, எப்பவும் ரெண்டாம் நம்பர்ல மட்டும் சிக்குதுன்னா மேகசினை மாத்துங்க, பிஸ்டலைத் தொடாதீங்க. கீழ விழுந்து மேகசினோட மேல் உதடு, அதாவது தோட்டாவைப் பிடிச்சு நிறுத்தற விளிம்பு, ஒரு நூல் அளவு வளைஞ்சிருந்தாக்கூட போதும், தோட்டா தப்பான கோணத்துல தான் கிளம்பும். கடைசி ரவுண்டு மட்டும் ஏறலைன்னா மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கான்னு பாருங்க. மேகசினுக்குள்ள எண்ணெய் விடவே கூடாது, துணியால துடைச்சு காய்ஞ்சு இருந்தா போதும், தோட்டா அடியில அடி பட்டதும் பத்திக்கற பிரைமருக்குள்ள எண்ணெய் இறங்கினா தோட்டாவே செத்துடும்.

எண்ணெய்ன்னதும் இதைச் சொல்லாம இருக்க முடியல. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் நிறைய வீட்ல பிஸ்டலுக்குத் தேங்காய் எண்ணெய் போடறாங்க. மார்கழியில பாட்டில் எண்ணெய் உறைஞ்சு போறது எல்லாருக்கும் தெரியும், 24 டிகிரிக்குக் கீழ போனாலே கட்ட ஆரம்பிச்சுடும், அதே எண்ணெய் பிரைமரை அடிக்கற பயரிங் பின் ஓடற துளைக்குள்ள உறைஞ்சா பின் எப்படி வேகமா போய் அடிக்கும்? டிக்குன்னு சத்தம் வரும், வெடிக்காது. வெயில் காலத்துலயும் நாளாக நாளாக பிசின் மாதிரி ஆயிடும். அப்படி வெடிக்காம நின்னா குழாயை ரேஞ்ச்ல (சுடற மைதானம்) குறி இருக்கற பக்கமே நீட்டி அரை நிமிஷமாவது பொறுங்க, சில ரவுண்டு லேட்டா வெடிக்கும். அப்புறம் அந்தத் தோட்டாவை எடுத்து பிரைமர்ல விழுந்த குழியைப் பாருங்க. குழி நல்லா ஆழமா இருந்தும் வெடிக்கலைன்னா கோளாறு தோட்டாவுல, குழி லேசா தொட்ட மாதிரி இருந்தா பிஸ்டல்ல, அதாவது அழுக்கு, ஸ்பிரிங், இல்ல ஸ்லைடு முழுசா மூடாதது. இதை விட்டுட்டு வருஷக்கணக்கா தோல் பெல்ட்ல சொருகி வச்ச தோட்டாவை எடுத்துட்டு வந்து காட்டறாங்க, பித்தளையில பச்சைக் களிம்பு பூத்திருக்கு, அது குழாயோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற சேம்பருக்குள்ள போகாம நிக்கறதுல என்ன ஆச்சரியம்.

சுட்டப்புறம் காலி கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) வெளிய போகாம ஸ்லைடுல செங்குத்தா மாட்டிக்கிட்டு நின்னா எல்லாரும் அதை இழுத்து எடுக்கற கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைத் திட்டுவாங்க. அந்தக் கொக்கிக்கு அடியில கரி சேர்ந்திருக்கலாம், அதை ஒரு பிரஷ் போட்டா போயிடும். ஆனா சின்ன பிஸ்டல்ல முக்கால்வாசி கை தான் காரணம். 32 போர்ல பேரலைப் பூட்டற ஏற்பாடெல்லாம் பொதுவா கிடையாது, ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும் தான் தோட்டா வேகத்தைத் தாங்கி நிறுத்துது, சின்ன பீஸ்ல ஸ்லைடு லேசு, அதனால ஸ்பிரிங் விறைப்பா இருக்கும். பிடி குட்டை, சுண்டு விரல் வெளிய தொங்கும், மணிக்கட்டைத் தளர்வா விட்டா பிஸ்டல் மொத்தமா பின்னாடி வந்துடும், ஸ்லைடு முழு தூரம் போகாம பாதியில திரும்பிடும். அதே பிஸ்டலை அதே தோட்டாவோட இன்னொரு லைசென்ஸ்தாரர் ரேஞ்சுல கெட்டியா பிடிச்சுச் சுட்டா ஒழுங்கா வேலை செய்யும். இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வருது.

இன்னொண்ணு, ராத்திரி ராத்திரி ரவுண்டை வெளிய எடுத்து காலையில அதே ரவுண்டையே திரும்ப சேம்பர்ல ஏத்தற பழக்கம். ஒவ்வொரு தடவையும் முட்டி முட்டி குண்டு கேஸுக்குள்ள இறங்கும், அப்புறம் சுடும்போது பிரஷர் எகிறும். சுடும்போது வழக்கமான சத்தம் வராம புஸ்ஸுன்னு கேட்டா அடுத்த ரவுண்டு விடவே விடாதீங்க, குண்டு பேரல்லயே தங்கியிருக்கலாம், அதுக்கு மேல இன்னொண்ணு விட்டா பேரல் வெடிக்கும். வீட்ல உக்காந்து நிஜத் தோட்டாவைப் போட்டு ஸ்லைடை இழுத்து இழுத்து டெஸ்ட் பண்றதும் வேண்டாம், அதுக்கு மருந்து இல்லாத டம்மி ரவுண்டு இருக்கு. சுத்தம் பண்ணும்போது முதல்ல மேகசினைக் கழட்டணும், அப்புறம் தான் ஸ்லைடை இழுத்து சேம்பரைக் கண்ணால பாக்கணும், மாத்திச் செஞ்சா வெளிய போன ரவுண்டுக்குப் பதிலா இன்னொண்ணு உள்ள வந்து உக்காந்துக்கும்.

இவ்வளவும் சொன்னாலும் சுட்டுப் பாக்காம கோளாறைக் கண்டுபிடிக்க முடியாதுங்க, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தி, முதல்ல மேகசின், அப்புறம் தோட்டா, அப்புறம் கைன்னு பாக்கணும். எங்க போய் சுடறது? வருஷத்துக்கு இத்தனை தோட்டான்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கு, அதைச் செலவு பண்ண பயந்து பத்து வருஷம் சுடாமலே வச்சிருக்கறவங்க உண்டு. 2016 ஆயுத விதிகள்ல லைசென்ஸ் கேக்கறவங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, சரி, ஆனா வாங்கினப்புறம்? 2019 திருத்தத்துல லைசென்ஸ் காலத்தை வேற 3 வருஷத்துலருந்து 5 வருஷம் ஆக்கிட்டாங்க.

ரெண்டு மாவட்ட கலெக்டர்களும் எஸ்பிக்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். வருஷத்துல ஒரு நாள் ஆயுதப்படை பயிற்சி எடுக்கற ரேஞ்சுல, அவங்க ஆர்மரர் முன்னாடி, லைசென்ஸ்தாரர்கள் காசு கட்டி சொந்த பிஸ்டலைச் சுட்டுப் பாக்க விடுங்க, அன்னைக்கு செலவாகற ரவுண்டை வருஷ கணக்குல சேக்காதீங்க. நோட்டீஸ்ல பிஸ்டலோட எல்லா மேகசினையும் கொண்டு வரணும்னு பெரிய எழுத்துல போடுங்க, இல்லன்னா சிக்கற மேகசினை வீட்ல வச்சுட்டு நல்லதை மட்டும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஆர்மரர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.