கடிவாயில் போட்ட ஊசி

பள்ளத்தூர்

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்தது. முட்டிவலித் தைலத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். மே மாதம் பேரப்பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருந்தாயே, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி பேத்தியை நாய் கடித்துவிட்டது. பயப்படாதே, இப்போது வளவில் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறாள். நம் வீடுகள்தான் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டுக் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள், தெருநாய் அடுப்படி வரை வந்துவிட்டது. கையில் முறுக்கோடு எதிரே போய் நின்றவளைக் கன்னத்தில் கவ்விவிட்டது.

ஒருவர் காபித்தூளோடு ஓடி வந்தார், பக்கத்து வீட்டு ஆச்சி சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்தார். தம்பி மருமகள் எதையும் கிட்டே விடவில்லை. கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டு, குளிக்கிற சோப்பைப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவினாள். பிள்ளை தெருவே கூடும்படி கத்தினாள், இவள் அசையவில்லை. புண்ணில் இருக்கும் வெறிநாய்க்கடி நோயின் (ரேபிஸ்) கிருமியில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரிலேயே போய்விடுமாம்.

முதலில் போன இடத்தில் கையில் தடுப்பூசியும் டிடி ஊசியும் போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு அங்கேதான் கோபம். ரத்தம் வரக் கடித்திருந்தால், அதுவும் முகத்தில், தடுப்பூசி மட்டும் போதாது வள்ளி. அது உடம்பில் வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கன்னத்திலிருந்து மூளைக்குத் தூரமும் குறைவு. அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்த இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் கடிவாயிலேயே போட வேண்டும். மருமகள் விடாமல் கேட்டு, அன்றைக்கே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

அங்கே முதலில் பிள்ளையை எடை போட்டார்கள். 15 கிலோ. குதிரையிலிருந்து எடுக்கும் மருந்து என்றால் கிலோவுக்கு 40 யூனிட், ஆக 600 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் இருக்கும் மருந்து என்பதால் 2 மில்லி. மெல்லிய ஊசியால் ஒவ்வொரு பல் தடத்தைச் சுற்றியும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார் டாக்டர். தையலும் உடனே போடவில்லை. தடுப்பூசி மட்டும் எடையைப் பார்ப்பதில்லை, பெரியவர்களுக்குள்ள அதே அளவுதான். தோலுக்குள் இரண்டு கையிலும் 0.1 மில்லி, முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து. எல்லாம் இலவசம்.

நம் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று மிரட்டுவார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து, எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஊசிக்குப் பயந்தோ, திட்டுக்குப் பயந்தோ கடிபட்டதையே மறைத்துவிடுகிறார்கள். உன் பேரன் வேறு வாயில்லாப் பூச்சி. பூனை பிறாண்டினாலும், குரங்கு கீறினாலும் உடனே சொல்லச் சொல், திட்டமாட்டோம் என்றும் சொல். நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வைப்பது அநேகமாக முடியாத காரியம்.

பத்தியம் பற்றிக் கேட்பாய். கத்திரிக்காய் ஆகாது, கறி ஆகாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று இங்கே ஆளாளுக்குச் சொன்னார்கள். எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை மறுநாளே கோழிக்குழம்பு கேட்டாள்.

நீ கிளம்புவதற்கு முன் குழந்தை டாக்டரிடம் ஒன்று கேள். கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. அதை முறையாகப் போட்டிருந்தால், பின்னால் கடிபட்டாலும் கடிவாயில் ஊசி தேவையில்லை, முதல் நாளும் அதிலிருந்து 3 நாள் கழித்தும் தடுப்பூசி போட்டால் போதும். ஒருவேளை இங்கே கடிபட்டு ஊசி பாதியில் இருக்கும்போது நீங்கள் ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும், சீட்டைக் காட்டி மீதியை அங்கே போட்டுக்கொள்ளலாம்.

எந்த ரயில், எந்தத் தேதி என்று எழுது. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனா