சீர்திருத்தம் இருக்கட்டும், வேட்புமனு யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்முறைச் சங்கங்களுக்கு நிர்வாகச் சீர்திருத்தம் தேவை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயற்குழு பெருத்துவிட்டது, அதில் பலருக்கு வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாது, தேர்தலில் வாக்களிப்போர் சொற்பம் என்கிறார் கட்டுரையாளர். மறுப்பதற்கில்லை. பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் எனக்கும் இவை பழகிப்போன காட்சிகள்தாம். ஆனால் இதற்கு மருந்தாக அவர் சொல்லும் 'திறன் அடிப்படையிலான குழு', அதாவது தகுதி பார்த்துப் பொறுக்கியெடுத்தவர்களைக் கொண்ட செயற்குழு, நடைமுறையில் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் சங்கத்தில் அது வந்தபோது யாரும் எங்கள் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. வாக்குச்சீட்டு ஒழுங்காக மின்னஞ்சலில் வந்தது. நிரப்ப வேண்டிய இடங்கள் 4. சீட்டில் இருந்த பெயர்களும் 4. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆதரிக்கிறேன்' என்று ஒரே ஒரு கட்டம். வேண்டாம் என்பவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமாம்! அந்தப் பெயர்களைப் பொறுக்கியெடுத்தது வேட்பாளர் தேர்வுக் குழு. அந்தக் குழுவை நியமித்ததோ பதவியில் இருக்கும் செயற்குழு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் முன்மொழிந்து கையெழுத்திட்டால் யாரும் நிற்கலாம் என்றிருந்த பழைய விதி சத்தமில்லாமல் போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அந்த விதி எப்படிப் போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் அமைப்பு விதியைத் திருத்தப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். துணை விதியைச் செயற்குழுவே திருத்திக்கொள்ளலாம். எனவே முதலில் ஒரு தீர்மானம் வந்தது: தேர்தல் நடைமுறை இனி துணை விதிகளில் வரையறுக்கப்படும். கேட்க எவ்வளவு அப்பாவியாக இருக்கிறது! கூடவே முகவரி மாற்றம், சந்தா கட்டக் கூடுதல் அவகாசம், இணையவழிக் கூட்டத்துக்கு அனுமதி என்று யாரும் ஆட்சேபிக்காத பத்துப் பன்னிரண்டு திருத்தங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 'ஆம்', ஒரே 'இல்லை'. இணையவழிக் கூட்டம் வேண்டும் என்று ஆம் போட்டவர்கள், வேட்புமனு உரிமையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இது எங்கள் சங்கத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. உலகெங்கும் லட்சக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ஐ ட்ரிபிள் இ (IEEE) எனும் பொறியாளர் அமைப்பில், 2016இல் அமைப்பு விதித் திருத்தம் ஒன்று உறுப்பினர் வாக்கெடுப்புக்கு வந்தது. இயக்குநர் குழுவின் கட்டமைப்பு பற்றி அமைப்பு விதியில் இருந்த உத்தரவாதங்களைத் தளர்த்தி, விவரங்களைத் துணை விதிக்கு விடுவதுதான் அதன் சாரம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. அங்கே உறுப்பினர்கள் பொடி எழுத்தையும் படித்திருந்தார்கள்.

திறமைசாலிகளை நியமித்துவிட்டால் போதும், தேர்தல் எதற்கு என்பவர்களுக்கு, நிலம், கட்டடம் ஆகியவற்றை அளந்து மதிப்பிடும் தொழிலாளரின் அமைப்பான, பிரிட்டனின் பட்டய அளவையாளர் கழகத்தில் (ஆர்.ஐ.சி.எஸ்.) நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே நிதி மேலாண்மை பற்றிய உள் தணிக்கை அறிக்கை ஒன்று முடக்கப்பட்டதாகக் கேள்வி எழுப்பிய, நிர்வாகப் பொறுப்பு வகிக்காத 4 இயக்குநர்கள் நீக்கப்பட்டார்கள். அந்த நீக்கம் தவறு என்று 2021இல் வெளியான வழக்கறிஞர் அலிசன் லெவிட்டின் விசாரணை அறிக்கை கூறியது. தலைமைச் செயல் அதிகாரி உட்படப் பலர் பதவி விலகினார்கள். திறமையான இயக்குநர்கள் இருந்தார்கள், கேள்வியும் கேட்டார்கள். கேட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம்தான் உறுப்பினர்களிடம் இல்லாமல் மேலிடத்தில் இருந்தது.

பதிலி வாக்கு பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வர முடியாதவர் யாரையாவது பெயர் குறித்து அதிகாரம் தரலாம். பெயர் எழுதாமல் விட்டால் அது தலைவருக்குப் போகும் என்று படிவத்தின் அடியில் ஒரு வரி இருக்கும். கூட்டத்தில் நாற்பது பேர் கை தூக்கி எதிர்த்தாலும், தலைவரின் கோப்பில் இருக்கும் படிவக் கட்டு தீர்மானத்தை நிறைவேற்றிவிடும்.

நியமன உறுப்பினர்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் சிலர் குழுவில் இருப்பது நல்லதே. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் சட்டப்படி அதன் மன்றத்துக்கு அதிகபட்சம் 32 பேரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மத்திய அரசு 8 பேர் வரை நியமிக்கிறது. அங்கே நியமிப்பது அரசு என்பது வேறு கதை, விகிதத்தைப் பாருங்கள். பெரும்பான்மை தேர்தலில் வருகிறது. தேர்தலும், வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண்ணிடும் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடப்பதால், ஒரே அணி எல்லா இடங்களையும் வாரிக்கொள்வது எளிதல்ல.

வேட்பாளர் தேர்வுக் குழுவும் இருக்கட்டும். 'இவரை நாங்கள் பரிந்துரைக்கிறோம்' என்று சீட்டில் அச்சடித்துக்கொள்ளட்டும். ஆனால் கையெழுத்து திரட்டி வருபவரின் பெயரும் அதே சீட்டில் வர வேண்டும். தேர்தல் தொடர்பான எந்த விதியையும் பொதுக்குழுவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. திருத்தங்களை ஒவ்வொன்றாக வாக்குக்கு விட வேண்டும். வாக்கு எண்ணிக்கையை வெளியாள் ஒருவர் மேற்பார்வையிடட்டும். அதற்கு ஒன்றும் பெரிய செலவாகாது.

கட்டுரையாளர் முன்மாதிரி என்று பாராட்டிய சங்கங்களில் வேட்புமனுவை நிராகரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நிராகரிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பதைத் தொடர் கட்டுரையில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு சங்க உறுப்பினர்