பேரனும் மல்யுத்தமா?

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் உன் பேரன் பள்ளிக்கூட மல்யுத்தக் குழுவில் சேர்ந்துவிட்டான் என்று வாசித்ததும் மனைவியைக் கூப்பிட்டு அந்த இடத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்கட மல்யுத்தப் பைத்தியம் கடல் தாண்டியும் போயிட்டுதோ?" என்றாள். நீ அதிகம் கேட்டது அவனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான். நான் எழுதப்போவதில் பாதி என் புராணம், பொறுத்துக்கொள்.

நடுவர் வேலையை விட்டுவிட்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது, முழங்கால்தான் மறுத்துவிட்டது. ஒருவன் மற்றவனை மல்லாத்தும்போது இரண்டு தோளும் மெத்தையில் பட்டு அவன் தோற்றுவிட்டானா என்று பார்க்க, நடுவர் குப்புறப் படுத்துக் கன்னத்தை மெத்தையோடு ஒட்டி அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். நான் கீழே போய்ச் சேருவதற்குள் பொடியன் புரண்டுவிடுகிறான். நின்றபடியே ஊகித்து விசில் ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சரிவராது.

விளையாடியது, பழக்கியது, நடுவராக நின்றது, இந்த மூன்றில் எது பிடித்தது என்று கேட்டிருந்தாய். நடுவர் வேலைதான், சிரிக்காதே. விளையாடும்போது எதிராளியின் கழுத்தும் கையும் தவிர வேறொன்றும் தெரியாது. பயிற்றுவிப்பாளனாக ஓரத்தில் இருந்தால் நம்முடைய பொடியன் செய்வதெல்லாம் சரி, மற்றவன் செய்வதெல்லாம் களவு. இடது கையில் சிவப்புப் பட்டி, வலது கையில் நீலப் பட்டி போட்டுக்கொண்டு நடுவில் நிற்கும்போதுதான் இருவருடைய விளையாட்டும் சேர்ந்து தெரிந்தது.

திட்டும் வாங்கினேன். ஒரு இறுதிப் போட்டியில் தோள் பட்டுவிட்டது என்று கண்டேன். விதிப்படி மற்ற இரண்டு பேரில் ஒருவராவது, துணை நடுவரோ மெத்தைத் தலைவரோ, ஒத்துக்கொள்ள வேண்டும். தலைவர் தலையாட்டினார், மெத்தையில் அடித்து விசில் ஊதினேன். பார்வையாளர் பக்கத்திலிருந்து என் இனத்தைச் சொல்லியே கூச்சல் வந்தது. தோற்ற பொடியன் முறைப்படி வந்து கை கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அவன் ஆமியில் பழக்குகிறான். எங்கே கண்டாலும் பிளேன் டீ வாங்கித் தந்து, "சேர், அன்றைக்கு என் தோள் படவே இல்லை" என்று தொடங்குவான். பட்டது மச்சான். நான் பார்த்தேன்.

விதிகள் மாறியது உனக்குத் தெரிந்திருக்காது. 2005க்குப் பிறகு சில வருடம் ஒரு கூத்து நடந்தது. சுற்றில் இருவரும் புள்ளி எடுக்காவிட்டால் பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் சிவப்பு உடுப்புக்காரன் எதிராளியின் காலைப் பிடித்தபடி தொடங்கலாம். வருடக்கணக்காக உடம்பை வருத்தி வந்தவனுடைய தலைவிதியை லொத்தர் சீட்டுப் போல நான் எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கும். 2013 பெப்ரவரியில் ஒலிம்பிக் நிர்வாக சபை மல்யுத்தத்தையே வெளியே போடப் பார்த்த பிறகுதான் உலக மல்யுத்த சம்மேளனத்துக்குப் புத்தி வந்தது. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, புள்ளிகளை மொத்தமாகக் கூட்டுவது என்று மாற்றினார்கள். அந்த செப்டெம்பரில் திரும்ப உள்ளே எடுத்தார்கள்.

இங்கே இன்னும் கிரிக்கெட்டும் றக்பியும்தான். மல்யுத்தம் என்றால் முந்தி தாரா சிங், கிங் கொங் என்ற பழைய குஸ்திக்காரர்களையா என்று கேட்பார்கள், இப்போது டீவியில் கதிரையால் அடிப்பதைக் கேட்கிறார்கள். 2022இல் பேர்மிங்ஹாம் கொமன்வெல்த் விளையாட்டில் எங்கட நாட்டு நெத்மி பொருத்தொட்டகே 57 கிலோ நிறைப் பிரிவில் வெண்கலம் எடுத்த பிறகு, "மகளைச் சேர்க்கலாமா?" என்று ஒன்றிரண்டு அப்பாமார் என்னிடமே வந்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, மச்சான்!

சரி, பேரன். எனக்குப் பயம் ஒன்றுதான், நிறை. காலிமுகத்திடலில் மத்தியான வெயிலுக்குள் மழைக்கோட்டுப் போட்டு நாங்கள் ஓடியது நினைவிருக்கும். ஒரு கிலோ குறைய வேண்டும் என்று பேணிக்குள் துப்பித் துப்பித் தொண்டை வரண்டது. அதைப் பெருமையாக அவனுக்குச் சொல்லிவிடாதே. பரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் இந்தியாவின் வினேஷ் போகட்டுக்கு நடந்ததைப் பார்த்திருப்பாய். வழக்கமாக 53 கிலோவில் விளையாடியவள் 50க்கு இறங்கினாள். சர்வதேசப் போட்டிகளில் தோற்றே அறியாத ஜப்பானின் யுயி சுசாகியை முதல் நாள் வென்றாள், இறுதிக்கும் போனாள். இரவெல்லாம் வியர்க்க ஓடி, தலைமயிரையும் வெட்டிப் பார்த்தும், காலையில் தராசு 100 கிராம் கூடக் காட்டியது. வெள்ளி கூட இல்லை, கடைசி இடம்.

நான் தராசடியில் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், கை நடுங்கியிருக்கும். முன்பு முதல் நாள் மாலையே நிறுத்துவிடுவார்கள். வற்றி வந்தவர்கள் இரவோடு இரவாகக் குடித்துத் தின்று ஊதிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2018இல் போட்டி நடக்கும் இரண்டு நாளும் காலையில் நிறுப்பது என்று கொண்டுவந்தார்கள். ஆனால் வற்றுகிற பழக்கம் நிற்கவில்லை, இரண்டு இரவு வற்றுகிறார்கள். வளருகிற பிள்ளை எந்த நிறையில் இருக்கிறானோ அந்தப் பிரிவிலேயே விளையாடட்டும். பயிற்றுவிப்பாளர் "ஒரு பிரிவு கீழே வா" என்றால் நீயே போய்க் கதை.

மற்றது, காது. அடிபட்டு வீங்கினால் இரத்தம் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் தேங்கும். உடனே டொக்டரிடம் காட்டி எடுக்காவிட்டால் என் இடது காது மாதிரி இறுகிவிடும். காதுக் கவசம் போடச் சொல். பயிற்சி முடிந்த கையோடு குளிக்கவும் வேண்டும், படர்தாமரை மெத்தையிலும் தொற்றும். பிடிகளை அவசரப்பட்டுக் கற்க வேண்டாம். முதலில் விழப் பழகட்டும், கழுத்தைப் பலப்படுத்தட்டும், குனிந்து நிற்கப் பழகட்டும்.

அவன் விளையாடுவது பிரீஸ்டைலா, கிரேக்க-ரோமனா என்று நீ எழுதவில்லை. இரண்டாவது என்றால் இடுப்புக்குக் கீழே தொட முடியாது, நான் சொல்வதில் பாதி வீண். எதுவானாலும் ஒரு போட்டியை போனில் படம் பிடித்து அனுப்பு. அவனை மட்டும் எடுக்காமல் எதிராளியும் தெரிகிற மாதிரி எடு. எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.

உன் பழைய ஜோடி